சாப்பிடாத மருந்து

பிப்ரவரி 4

அன்புள்ள புள்ளிக்கு,

நலம். நீயும் உன் அக்காவும் நலமா? அக்கா என்னைப் பற்றி இப்போது என்ன சொல்கிறாள் என்று எழுத வேண்டாம். ஊகித்துக்கொள்கிறேன்.

ஏப்ரலில் நீ வருகிறாய் என்று எங்கள் துறைமுக மேஸ்திரியிடம் சொன்னேன். "வந்து பாத்துட்டுப் போறாங்களா, வந்து இருக்கப் போறாங்களா?" என்று கேட்டார். "இருக்கப் போறாங்க" என்றேன். "அப்ப முதல்ல அந்தச் சமையலறைக் குழாயை மாத்துப்பா. சொட்டுச் சொட்டுனு அது போடுற சத்தத்துலயே ஓடிருவாங்க" என்றார். மாற்றிவிட்டேன். ஜன்னலுக்கு வலை அடித்துவிட்டேன். உன் பக்கத்து அலமாரியைக் காலி செய்து துடைத்து வைத்திருக்கிறேன். அதில் இருந்த என் பழைய சட்டைகளை என்ன செய்வது என்று தெரியாமல் என் பக்கத்திலேயே திணித்துவிட்டேன். கதவு மூடவில்லை.

போனில் பேசலாமே என்று இனி கேட்கமாட்டேன். போனில் நான் நன்றாகப் பேசுவேன், அதனால்தான் நம்ப முடியாது என்று நீ எழுதியது நியாயம்தான். போதை மாத்திரைக் காலத்தில் என் பேச்சைக் கேட்டவள் நீ. எழுத்து பொய் சொல்லாது என்று நீ நினைத்தால் எழுதுகிறேன். புள்ளி வைக்க மறந்திருந்தால் நீயே வைத்துக்கொள.

உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். துறைமுகத்தில் வருடாந்திரப் பரிசோதனை நடந்தது. பிரஷர் ஏறியிருக்கிறதாம். வெளியே ஒரு டாக்டர் புது மாத்திரை எழுதிக் கொடுத்தார், தினம் ஒன்று. பிரஷர் இறங்கிவிட்டது. சட்டென்று எழுந்தால் அறை ஒரு சுற்று சுற்றி நிற்கிறது, அவ்வளவுதான். அதோடு எப்படியோ ஒரு மூக்கடைப்பு வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு துவாரமும் சாத்திய கடை மாதிரி. கிரேன் மேலே அந்தக் கண்ணாடிக் கூண்டில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூக்கில் வைத்து உறிஞ்சும் குச்சி ஒன்று வெளிநாட்டுச் சாமான் கடையில் வாங்கினேன். ஒரு கன்டெய்னரை இறக்கினால் ஒரு இழுப்பு. மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, "நொட்டாங்கைக்கு லிப்ஸ்டிக் எதுக்குப்பா?" என்கிறார். கூட்டமே சிரிக்கிறது.

உன்,
நொட்டாங்கை


பிப்ரவரி 13

நொட்டாங்கைக்காரருக்கு,

நலம். அக்காவும் நலம். அவள் சொல்வதை எழுத வேண்டாம் என்றதால் தாளில் பாதி மிச்சம்.

அச்சகத்தில் வேலை நெருக்குகிறது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களையே இப்போது நாள் முழுக்கப் பார்க்கிறேன். எறும்பு எழுத்து. போன வாரம் ஒரு தலைவலி மாத்திரைத் தாளில் "உணவுக்குப் பேன்" என்று வந்துவிட்டது. "பின்" என்று நான் திருத்திக் கொடுத்தும் அச்சேறிவிட்டது. இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிப் படியிறங்கி ஓடினேன். மிஷின்காரர், "எதுக்குக்கா இந்த ஓட்டம்? இதை எல்லாம் யாரு படிக்கிறா?" என்றார். "நான் படிக்கிறேன்ல" என்றேன். ஒரு ஆளாவது படிக்க வேண்டும் என்பதற்காகத்தானே சம்பளம்.

எழுந்தால் அறை சுற்றுகிறது என்பதைக் குழாய் மாற்றியதற்குப் பிறகு எழுதுகிறீர்கள். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆளுக்குத் தலைசுற்றல் அப்படி ஒரு சின்ன விஷயமா? டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்கமாட்டீர்கள். சொல்லுங்கள்.

ஏப்ரல் பன்னிரண்டு, காலை ரயில். நிலையத்துக்கு நீங்களே வர வேண்டும். மேஸ்திரியையோ ஆட்டோக்காரரையோ அனுப்பக் கூடாது. கடைசித் தடவை நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்ததும், பிறகு வீட்டுக்கு வந்தால் நீங்கள் மாத்திரை வேகத்தில் சுவர்க் கடிகாரத்தைத் திருகு திருகாகப் பிரித்துத் தரையில் பரப்பிக்கொண்டு, "இதோ முடிஞ்சுது, இதோ முடிஞ்சுது" என்று பல்லைக் கடித்ததும் எனக்கு மறக்கவில்லை. அன்றைக்கே நான் கிளம்பினேன். இந்தத் தடவை நீங்கள் அங்கே இல்லையென்றால் அதே ரயிலில் திரும்பிவிடுவேன். கோபத்தில் எழுதவில்லை. சொல்லி வைக்கிறேன்.

அலமாரிக் கதவு மூடவில்லையென்றால் பழைய சட்டைகளைத் தூக்கிப் போடலாம் என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லையா?

புள்ளி


பிப்ரவரி 27

அன்புள்ள புள்ளிக்கு,

இதை நீ உட்கார்ந்து படிக்க வேண்டும்.

போன வாரம் துறைமுகத்தில் திடீர் சிறுநீர் சோதனை. கிரேன் ஓட்டுபவர்களை முன்னறிவிப்பு இல்லாமல் கூப்பிடுவார்கள். இதுவரை எத்தனையோ முறை கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சுத்தம். இந்த முறை "இருக்கிறது" என்று வந்திருக்கிறது. அதே வகை. தூக்கத்தை விரட்ட லாரி ஓட்டிய காலத்தில் நான் விழுங்கிய அதே வகை.

நான் எதையும் தொடவில்லை.

மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். சத்தம் போடவில்லை. "பழைய கதை எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வேலை குடுத்தேன். இப்ப என்னப்பா இது?" என்றார். அதற்கு அவர் சத்தமே போட்டிருக்கலாம். கிரேன் சாவியை வாங்கிக்கொண்டார். அதே சிறுநீரை இன்னொரு பெரிய இயந்திரத்தில் போட்டு உறுதி செய்வார்களாம். அதுவரை வேலை கிடையாது.

சோதனை அன்று நர்ஸ் கேட்டது இது மட்டும்தான்: "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" நான் சொன்னது: "பிரஷருக்கு ஒரு மாத்திரை சாப்பிடுறேன்மா, வேற ஒண்ணும் சாப்பிடல." அந்த மாத்திரையால் இப்படி வராது என்று ஆய்வகத்தில் சொல்லிவிட்டார்கள்.

கேன்டீனில் யாராவது டீயில் கலந்திருப்பார்களோ என்றுகூட யோசித்துவிட்டேன். யார் கலப்பார்கள்? மேஸ்திரிக்கு அந்த டீயில் சர்க்கரை கலக்கவே சோம்பல்.

உனக்கு இதை மறைத்துவிட்டு ஏப்ரல் பன்னிரண்டு வந்து நிற்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு நிமிடம்தான். இந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறேன். நான் எதையும் தொடவில்லை.

உன்,
நொட்டாங்கை


மார்ச் 5

வணக்கம்.

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். ஒரு புள்ளிகூட விடுபடவில்லை. உங்கள் கடிதம் ஒன்றில் எல்லாப் புள்ளியும் இருப்பது இதுவே முதல் தடவை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மறைக்க வேண்டியது இருக்கிற ஆள்தான் அவ்வளவு கவனமாக எழுதுவார்.

"நான் எதையும் தொடவில்லை." இந்த வாக்கியத்தை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். சத்தியம் செய்து, கண்ணைப் பார்த்து, இதே வரிசையில். அன்றைக்கு உங்கள் சட்டைப் பையில் மாத்திரை அட்டை இருந்தது.

அக்கா எதுவும் சொல்லவில்லை. சாப்பாட்டை எடுத்து வைத்தாள், அவ்வளவுதான். அவள் பேசாமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை.

இயந்திரம் உறுதி செய்யட்டும். பிறகு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மனைவி (சட்டப்படி)


மார்ச் 14

சட்டப்படி என் மனைவிக்கு,

பெரிய இயந்திரமும் அதையேதான் சொல்கிறது. முதல் சோதனையில் தப்பு வரலாம், இரண்டாவதில் வராது என்றார்கள். மாதக் கடைசியில் விசாரணை. அதற்குப் பிறகு வேலை போய்விடும். துறைமுகத்தில் போனால் வேறு எந்தத் துறைமுகத்திலும் ஏற முடியாது.

கவனமாக எழுதினால் சந்தேகம். கவனம் இல்லாமல் எழுதினால் மாத்திரை. நான் எப்படித்தான் எழுத வேண்டும்? சொல், அப்படியே எழுதுகிறேன். ஆறு வருடமாக ஒரு தலைவலி மாத்திரைக்குக்கூட இரண்டு தடவை யோசிக்கிறவன் நான். பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நம்புகிறார்கள். மேஸ்திரி தினமும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார். எதுவும் கேட்பதில்லை. போகும்போது, "நாளைக்கு வரேன்பா" என்கிறார்.

நேற்று இரண்டாவது தாளைக் கையில் வைத்துக்கொண்டு, நானே தூக்கத்தில் எழுந்து போய் எதையாவது விழுங்கியிருப்பேனோ என்று வீட்டை முழுக்கத் தேடினேன். என் வீட்டில் நானே. உன் அலமாரியைக்கூட விடவில்லை. நீ சந்தேகப்பட்டதைவிட அதுதான் கேவலமாக இருந்தது.

வேலை இல்லை, கிரேன் இல்லை. இந்த மூக்கடைப்பு மட்டும் விசுவாசமாகக் கூடவே இருக்கிறது.

நமபாதே. ஏப்ரலில் வரவேண்டாம. அக்கா வீட்டிலேயே இரு.

நொட்டாங்கை


மார்ச் 20

நொட்டாங்கைக்காரருக்கு,

கடைசி இரண்டு வரியை வைத்துக்கொண்டு அக்காவும் நானும் சண்டை போட்டோம். "நமபாதே" என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்தது "வரவேண்டாம". அது "வரவேண்டாம்" என்கிறாள் அக்கா. "வரவேண்டாமா" என்று கேட்கிறீர்கள், கால் போட மறந்துவிட்டீர்கள் என்கிறேன் நான். "உனக்கு எது வேணுமோ அதைப் படிக்கிற" என்றாள். தொழிலில் நான் அப்படிச் செய்ததில்லை. இதில் செய்கிறேன்.

பிறகு உங்கள் பழைய கடிதங்களையும் எடுத்து வந்து தரையில் பரப்பினேன். மாத்திரைக் காலத்துக் கடிதங்களில் வரிகள் எல்லாம் வலது பக்கம் மேலே ஏறிக்கொண்டே போகும், தாளை விட்டுப் பறக்கிற மாதிரி. இந்தக் கடிதத்தில் அவ்வளவு கோபம். ஆனால் வரிகள் தரையில் நடக்கின்றன. புள்ளி விட்டுப்போயிருக்கிறது, அது நீங்கள் எப்போதும் விடுகிற புள்ளிதான். "தேடினேன்" என்ற இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்தேன். பொய் சொல்கிறவர் தன் வீட்டில் தானே தேடமாட்டார். போன கடிதத்தை நான் அப்படி எழுதியிருக்க வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மெதுவாகப் படியுங்கள்.

உங்கள் மூக்கைப் பற்றிய வரியில் நின்றுவிட்டேன். அச்சகத்தில் பிரஷர் மாத்திரைத் தாள்களும் எங்களுக்கு வரும். அதில் ஒரு வகைக்குப் பக்க விளைவு என்ற தலைப்பில், "எழுந்து நிற்கையில் தலைசுற்றல்" என்று ஒரு வரி. அதற்குக் கீழேயே "மூக்கடைப்பு". இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வருவது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். அதனால்தான் நினைவிருக்கிறது. உங்களுக்கு இரண்டும் இருக்கிறது. இரண்டும் புது மாத்திரைக்குப் பிறகு வந்தவை.

அது மூக்கடைப்புக்கான காரணம். சிறுநீருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மூக்கு அடைத்ததால் நீங்கள் என்ன செய்தீர்கள்? குச்சி வாங்கினீர்கள். ஒரு கன்டெய்னருக்கு ஒரு இழுப்பு. ஒரு நாளைக்கு எத்தனை கன்டெய்னர் இறக்குகிறீர்கள்?

நர்ஸ் கேட்டது "மருந்து சாப்பிடுறீங்களா" என்று. நீங்கள் குச்சியைச் சாப்பிடவில்லை. அதனால் "வேறு ஒன்றும் சாப்பிடவில்லை" என்றீர்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை. அவளும் தப்பாகக் கேட்கவில்லை. நம் எல்லோருக்கும் மருந்து என்றால் சாப்பிடுவதுதான். உறிஞ்சுவதும் தடவுவதும் சொட்டு விடுவதும் யார் கணக்கிலும் வருவதில்லை.

அந்தக் குச்சியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். வெறும் கற்பூர வாசனையாக இருக்கலாம். ஆனாலும் அதையும் அதன் அட்டையையும் எடுத்துக்கொண்டு, சோதனை முடிவைப் பார்க்கிற டாக்டரிடம் நேரே போங்கள். அட்டையைத் தூக்கிப் போட்டிருக்கமாட்டீர்கள். பழைய சட்டையையே போடாதவர் ஆயிற்றே.

புள்ளி


மார்ச் 28

அன்புள்ள புள்ளிக்கு,

அட்டை இருந்தது. உன் பக்கத்து அலமாரியைத் தேடியபோதுகூட அது என் சட்டைப் பையில்தான் இருந்திருக்கிறது, குச்சியோடு. வீடு முழுக்கத் தேடியவன் அதைத் தொட்டுத் தள்ளிவிட்டுத் தேடியிருக்கிறேன்.

ஆய்வக டாக்டர் ஒரு வயதான அம்மா. மேஸ்திரியும் கூட வந்தார். குச்சியை மேசையில் வைத்தேன். அட்டையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தார். பிறகு, "இதை ஏன் சொல்லலை?" என்றார். "மருந்து சாப்பிடுறீங்களான்னு கேட்டாங்க. இதை நான் சாப்பிடலையேம்மா" என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "எத்தனை வருஷமா இதே கேள்வியைக் கேக்கிறோம். இனிமே 'உடம்புக்குள்ள எந்த வழியா எது போனாலும் சொல்லுங்க'ன்னுதான் கேக்கணும்" என்று சொல்லி நர்ஸைக் கூப்பிட்டு அங்கேயே சொன்னார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவுக்கு எழுதுகிறேன். குச்சியில் இருக்கும் ஒரு பொருளும் நான் அந்தக் காலத்தில் விழுங்கிய பொருளும் பேருக்கு ஒன்றுதான். இரண்டும் ஒரே அச்சு. ஆனால் ஒன்று வலக்கை, ஒன்று இடக்கை. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. போதை தருவது வலக்கை. குச்சியில் இருப்பது இடக்கை, அது மூக்கைத் திறக்கும், அவ்வளவுதான். பெரிய இயந்திரம் "கை இருக்கிறது" என்று சொல்லும். எந்தக் கை என்று பார்க்காது. அதைப் பிரித்துப் பார்க்கத் தனிச் சோதனை உண்டு, யாராவது கேட்டால்தான் செய்வார்கள். நான் ஓயாமல் உறிஞ்சியதால்தான் இவ்வளவு ஏறியிருக்க வேண்டும் என்றார்.

மேஸ்திரி சும்மா இருப்பாரா? "டாக்டரம்மா, இவனே நொட்டாங்கைதான். மிஷினுக்கு இவன் ஆளே வேற மாதிரி தெரிஞ்சிருக்கும்" என்றார். அந்த அம்மா சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்து, தாளில் எழுதிக்கொண்டிருக்கும்போது தனியாகச் சிரித்தார்.

திட்டும் கிடைத்தது. மாத்திரை பிரஷரை இறக்க, குச்சி அதை ஏற்ற, இரண்டையும் ஒரே உடம்புக்குள் அனுப்பிக் கயிறு இழுக்க வைத்திருக்கிறேனாம். குச்சியைக் குப்பையில் போட்டார். மாத்திரை எழுதிய டாக்டருக்கு அவரே போன் செய்தார். இப்போது வேறு மாத்திரை. தலைசுற்றல் நின்றுவிட்டது. மூக்கு மெல்லத் திறக்கிறது. நேற்று உன் தலையணை உறைக்குப் போட்ட சோப்பு வாசனை தெரிந்தது.

மீதிச் சிறுநீரைக் குளிரில் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம். அதைத் தனிச் சோதனைக்கு அனுப்பியாயிற்று. விசாரணையைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். முடிவு எப்போது வரும் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. குச்சிதான் காரணம் என்று டாக்டரம்மாவும் வாக்குக் கொடுக்கவில்லை. "வந்தாத்தான் தெரியும்" என்றுவிட்டார்.

அதனால் முடிவு வந்த பிறகு டிக்கெட் எடு. இன்னொரு தடவை உன்னை அந்த பெஞ்சில் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை.

உன்,
நொட்டாங்கை

பி.கு.: அது "வரவேண்டாமா"தான். கால் விட்டுப்போயிற்று.


ஏப்ரல் 3

அன்புள்ள நொட்டாங்கைக்காரருக்கு,

விட்டுப்போகவில்லை. அன்றைக்கு நீங்கள் எழுதியது "வரவேண்டாம்"தான். எனக்குத் தெரியும். பி.கு.வுக்கு நன்றி.

டிக்கெட் எடுத்துவிட்டேன். முடிவு வருவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்று அவசரமாகப் போய் எடுத்தேன். வந்த பிறகு எடுத்தால் ஆய்வகம் சொல்லித்தான் வந்தேன் என்று ஆகும். ஆயுசு முழுக்க நீங்களும் அதைச் சொல்லிக்காட்டமாட்டீர்கள், நானும் கேட்கமாட்டேன், ஆனால் அது வீட்டில் எங்காவது கிடக்கும்.

அக்காவிடம் சொன்னேன். "முடிவு வேற மாதிரி வந்தா?" என்றாள். "வந்தா அங்க இருந்தே படிச்சுக்கிறேன்" என்றேன். பிறகு எழுந்து போய் என் பெட்டிக்கு ஒரு புதுப் பூட்டு எடுத்து வந்தாள். "திரும்பி வர்றதா இருந்தா சாவியைத் தொலைச்சிராதே" என்றாள். அவளிடமிருந்து அது வாழ்த்துதான்.

நிலையத்துக்கு வந்துவிடுங்கள். மற்றதெல்லாம் எழுதியாயிற்று. இதை மட்டும் மறுபடி எழுதுகிறேன். நம்பியாயிற்று என்றாலும் அந்த பெஞ்சில் மறுபடி தனியாக உட்கார எனக்குப் பயம். அது வேறு, இது வேறு.

உங்கள்,
புள்ளி


ஏப்ரல் 12, கையில் கொடுத்தனுப்புவது

என் புள்ளிக்கு,

பெஞ்சை விட்டு எழுந்துவிடாதே. ரயிலில் திரும்ப ஏறிவிடாதே. முழுக்கப் படி.

இதைக் கொடுப்பவர்தான் மேஸ்திரி. ஆளை அனுப்பக் கூடாது என்று நீ சொன்னதை அவரிடம் சொன்னேன். "திட்டு வாங்க நான் போறேன், நீ மேல ஏறு" என்றார். திட்ட வேண்டுமானால் அவரைத் திட்டிக்கொள். காது மந்தம், பாதிதான் கேட்கும்.

நிலையத்துக்கு வர முடியவில்லை, மன்னித்துவிடு. இன்று காலை ஷிப்ட் எனக்குப் போட்டுவிட்டார்கள். நேற்று மாலை மேலாளரே வீட்டுக்கு வந்து சாவியைக் கையில் கொடுத்தார். "முடிவு வந்துருச்சு, முழுக்க இடக்கைதானாம்பா" என்றார். நாளை மறுநாள் ஏறுகிறேன், நாளைக்கு என் வீட்டுக்காரி வருகிறாள் என்றேன். "காலையில கப்பல் நிக்குது, உன்னை விட்டா ஆள் இல்லை" என்றார். என்னை விட்டால் ஆள் இல்லை என்று ஒருவர் சொல்லி எவ்வளவு நாளாயிற்று. மறுக்க வாய் வரவில்லை. உனக்குச் சொல்லவும் வழியில்லை. உன் போன் எண்ணை நீ இன்னும் எனக்குத் தரவில்லை என்பதை இந்த இடத்தில் பணிவாகக் குறிப்பிடுகிறேன்.

வீட்டுச் சாவி மேஸ்திரியிடம் இருக்கிறது. பழைய சட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன், ஒன்றைத் தவிர. கதவு மூடுகிறது. சுவர்க் கடிகாரம் ஓடுகிறது. அதில் நான் கை வைக்கவில்லை, கடைக்காரரிடம் கொடுத்துச் சரி செய்தேன்.

இப்போது எழுந்து, நடைமேடைக்கு மேலே போகிற பாலத்தில் ஏறு. பெட்டியை மேஸ்திரி தூக்கிக்கொள்வார். நடுவில் நின்று தண்ணீர்ப் பக்கம் பார்த்தால் மஞ்சள் கிரேன்கள் வரிசையாகத் தெரியும். இடது பக்கத்திலிருந்து மூன்றாவது. அதில் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. ரயில் வருகிற நேரத்துக்குக் கன்டெய்னரைத் தரையில் வைத்துவிட்டுக் காத்திருப்பேன், கீழே இருக்கிறவர்களிடம் சொல்லியாயிற்று.

நீ கையை ஆட்டு. நானும் ஆட்டுவேன். எந்தக் கை என்று உனக்குத் தெரியும்.

உன்,
நொட்டாங்கை